தண்டவாள ஓரத்துக் கற்கள்

அண்ணன் தம்பி பேச்சை முறிப்பதற்கு நாஞ்சில் நாட்டில் ஒரு முழ வரப்பு போதும். ஆகவேதான் நம் முன்னோர் எல்லைக் கல்லுக்கு அத்தனை மதிப்பளித்தனர் போலும். முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு வழங்கியபோது, பெண் யானையை எல்லை வழியே நடத்தி, கல்லும் கள்ளியும் நட்ட செய்தியை லெய்டன் செப்பேடு கூறுகிறது. சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல், திருமால் கோயில் நிலத்துக்குத் திருவாழிக்கல் என்று நடுவதும் அன்றைய வழக்கம்.

பின்னாளில் இரயில்வேயும் கல் நட்டது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-இலும், நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு 1981-இலும் பாதை திறக்கப்பட்டது. அதற்காக எடுக்கப்பட்ட நிலத்தின் இருபுறமும் நின்ற கற்களை நாளடைவில் நாம் மறந்துவிட்டோம். சில புதருக்குள் மறைந்தன; சில துணி துவைக்கும் கல்லாயின.

சுசீந்திரம் பக்கத்தில் இரண்டாம் பாதைக்காக அளவை நடந்தபோதுதான் அவற்றின் அருமை தெரிந்தது. எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்குத் தண்டவாள ஓரத்தில் ஐந்து தென்னை மரங்கள். கணவரை இழந்த அவருக்கு அந்தக் காய்கள்தான் மாதச் செலவு. ஐந்தும் இரயில்வே நிலத்தில் நிற்பதாக யாரோ சொல்லிவிட, மாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

என் பாட்டா முன்பு நில அளவைக்குச் சங்கிலி பிடித்தவர். "மக்களே, கல்லைப் பெயர்க்கலாம், அது நின்ற குழியைப் பெயர்க்க முடியுமா?" என்று சொல்லி என்னை அழைத்துப் போனார். மாமியின் பழைய ஆதாரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டிருந்தது. பாட்டா அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். ஆனால் அது இரயில் வருவதற்கு முந்தையது. வாய்க்காலை மட்டுமே எல்லையாகச் சொன்னது.

எனவே கற்களைத் தேடினோம். வயற்காட்டுக் கல்லுக்கும் எல்லைக் கல்லுக்கும் வேற்றுமை உண்டு. எல்லைக் கல்லின் தலை மட்டும் செதுக்கப்பட்டிருக்கும்; மண்ணுக்குள் புதையும் பகுதி கரடுமுரடாக இருக்கும். பழைய சுண்ணாம்பின் வெண்மை இடுக்குகளில் தங்கியிருக்கும். சாய்ந்து நிற்கும் கல்லை உடனே நம்பக்கூடாது. அடி அசைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசையாத இரண்டு கற்களுக்கிடையே கயிறு கட்டினால், காணாமற்போன கல்லின் இடம் அந்த நேர்கோட்டில் அகப்படும்.

அப்படித்தான் ஓரிடத்தில் தாழம்புதரை விலக்கித் தோண்டினோம். சுற்றிலும் செம்மண், நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்து இளகிய மண். முழங்கை ஆழத்தில் உடைந்த கல்லின் அடித்துண்டு அசையாமல் இருந்தது. பாட்டா அதைத் தொடவில்லை. "இதை நாம் எடுத்தால் சாட்சி செத்துப்போகும்" என்று சொல்லி, மேலே ஓலையை மூடி, நில அளவையர் வரும்வரை காவலிருக்கச் சொன்னார்.

அளவையர் புல வரைபடத்தோடு வந்து அளந்தார். மூன்று தென்னைகள் மாமியுடையவை. இரண்டு இரயில்வே நிலத்தில் நின்றன. பாட்டா மாமியின் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். அவரோ, "கல் சொன்னால் சொன்னதுதான், மோளே" என்றார். மாமி சற்று நேரம் அந்த இரண்டு மரங்களையும் பார்த்துவிட்டு, "மூணாவது நிலைச்சுதே" என்று வீட்டுக்குள் போய்ச் சோறு வைத்தார்.

வலியவர் நிலத்தை எளியவரும், எளியவர் நிலத்தை வலியவரும் எடுக்காமல் தடுக்கும் காவலன் அந்த ஊமைக் கல் அன்றோ! நண்பர்களே, இரயில் பாதை ஓரம் நடப்பது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. ஆனால் உங்கள் வயல் ஓரத்துக் கல் எங்கே இருக்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.