வெற்றிலைத் தட்டமும் இளைஞர் உடல்நலமும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, பழைய நினைவுகளை எழுதுவதா, மாணவருக்குப் பயன்படும் செய்தியை எழுதுவதா எனச் சிறிது மயங்கினோம். ஈற்றில், இரண்டும் ஒருங்கே அமைந்த பொருளொன்று எமது வாயிலேயே இருத்தலை உணர்ந்தோம்.

நாம் பிறந்த ஊர் துணுக்காய். அரிவி வெட்டுக் காலத்தில் வயலிலே தேநீருக்கு அடுத்தபடியாக வேண்டப்படுவது வெற்றிலையே. விடுமுறைக்கு வீடு செல்லும் நாம் தட்டத்தை ஏந்தி வரம்பு வழியே நடப்போம். ஒருநாள் முதியவர் ஒருவர், “தம்பி, நீயும் ஒரு வாய் போடு, களைப்புத் தெரியாது” என்று, பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மடித்துத் தந்தார். அப்போது எமக்கு வயது 16. தலை சுற்றியது, உடல் வியர்த்தது. ஆயினும், பெரியோர் வரிசையில் இடம் பெற்றோம் என்ற பெருமிதம் அவ்வருத்தத்தை மறைத்துவிட்டது. அன்று பெருமிதத்தாற் பற்றிய பழக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் எம்மை விடவில்லை.

பல்வலிக்காக வைத்தியரிடம் சென்றபோது, அவர் எமது இடக் கன்னத்தின் உட்புறத்தே வெண்படலம் ஒன்றைக் காட்டினார். நாள்தோறும் நாம் வெற்றிலையை அடக்கி வைத்த இடமும் அதுவே! இது புற்றுநோயன்று, ஆனால் புற்றாக மாறக்கூடியது என்றார். சிறு தசைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினர். முடிவு வரும்வரை நாம் கழித்த இரவுகளை இங்கு விரித்தல் வேண்டா. நல்வினைப் பயனாகப் புற்று இல்லை என்றே முடிவு வந்தது. அன்றே தட்டத்திற்கு விடை கொடுத்தோம்.

இலங்கையில் ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் முன்னிற்பது வாய்ப்புற்று. இதன் காரணம் நேற்று அறியப்பட்டதன்று. யாழ்ப்பாணத்துப் புகையிலை பல காலம் கப்பலேறிச் சென்ற திருவிதாங்கூரில், நெய்யூர் மிஷன் வைத்தியராகிய ஓர் என்பவர், வெற்றிலை மெல்லுவோருக்கு உண்டாகும் வாய்ப்புற்றுப் பற்றி 1933 இல் ‘லான்செற்’ என்னும் வைத்திய இதழில் எழுதினார். புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்று விளைப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1985 இல் முடிபு கூறியது. பின்னர், புகையிலை சேராத கூட்டும், பாக்குத் தானும் அத்தகையனவே என 2004 இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. ஆதலின், “நாம் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று ஆறுதல் கொள்வோர் ஏமாந்தவராவர்.

பாக்கு வாயின் மென்தசையை இறுகச் செய்து, வாய் திறக்கவும் இயலாத நிலையை உண்டாக்கவல்லது. புகையிலையோடு மதுவும் கூடினால் கேடு பன்மடங்காகும். சுருட்டும் சிகரெட்டும் வாயோடு நில்லாது நுரையீரலையும் தாக்குவன. 21 வயது நிரம்பாதோருக்குப் புகையிலைப் பண்டம் விற்றலை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. எனினும், வயல் வரம்பில் அன்போடு நீட்டப்படும் ஒரு வாய் வெற்றிலையைத் தடுக்கவல்லது உறுதி கொண்ட உள்ளம் ஒன்றே.

வெற்றிலை மங்கலப் பொருளன்றோ, அதனை மறுத்தல் மரபை இகழ்தலாகாதோ எனச் சிலர் வினவுவர். வெற்றிலை தட்டத்தில் இருக்கட்டும். பூசையிலும் திருமணத்திலும் இருக்கட்டும். விருந்தினர் தட்டத்தைத் தொட்டு வணங்கினால் உபசரித்தவர் உள்ளம் நிறையும். உடம்பை இறைவன் உறையும் கோயிலெனப் போற்றும் சைவ மரபில் வந்த நாம், அக்கோயிலின் வாயிலைப் பழுதாக்குதல் எவ்வாறு பொருந்தும்?

இப்பழக்கமுடைய பழைய மாணவ நண்பர்கள் மாதம் ஒரு முறையேனும் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்ப்பாராக. வெள்ளை அல்லது செந்நிறப் படலமோ, இரு வாரத்தில் ஆறாத புண்ணோ தோன்றின், வலி இல்லையென்று வாளாவிராது வைத்தியரை நாடுதல் வேண்டும். புகையிலை, மதுப் பழக்கமுடையோரின் வாயைக் கண்ணாற் பார்த்துச் சோதித்தல் ஒன்றினாலேயே, அவருள் வாய்ப்புற்றால் இறப்போர் தொகை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்ததெனத் திருவனந்தபுரத்து ஆய்வொன்று 2005 இல் காட்டியது.

சென்ற அரிவி வெட்டின்போது ஊருக்குச் சென்றோம். பள்ளிச் சிறுவன் ஒருவன் தட்டத்தை ஏந்தி வந்தான். தொட்டு வணங்கிக் கையை எடுத்தோம். “ஏன் ஐயா, போடேல்லையோ?” என்றான். இங்கு எழுதியவற்றையே சுருக்கி அவனுக்குக் கூறினோம். அவனும் தட்டத்தை ஏந்தியபடியே, தான் ஒன்றும் எடாது, அடுத்தவரிடம் சென்றான்.

எம் கல்லூரி மாணவச் செல்வங்களே, தட்டத்தை ஏந்துங்கள். வாயை மட்டும் காத்துக்கொள்ளுங்கள்.