"தோக்கறதுக்குன்னே நிப்பாங்களாப்பா?" - பனியன் டெய்லர் வீட்டுச் சுவரில் கேப்டன் லட்சுமி

அந்த வீட்டுச் சுவரில் 2002 ஜூலையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று அப்துல் கலாம். பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் நாளிதழிலிருந்து வெட்டி ஒட்டியது. அதற்குப் பக்கத்தில், அப்பா தீக்கதிரிலிருந்து கத்தரித்து ஒட்டிய இன்னொரு படம். வெள்ளை முடியும் பருத்திப் புடவையுமாகச் சிரிக்கும் ஒரு பாட்டி.

"யாருங்கப்பா இது?"

"இவங்களும் ஜனாதிபதி எலெக்‌ஷன்ல நிக்கிறாங்க கண்ணு. கேப்டன் லட்சுமி."

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. ராமேஸ்வரத்தில் பிறந்து, பேப்பர் போட்டுப் படித்த ஒருவர் நாட்டின் முதல் குடிமகனாகப் போகிறார். பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சு. 'அக்னிச் சிறகுகள்' லைப்ரரியில் கைக்குக் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. தி.மு.க., அ.தி.மு.க. இரண்டும் ஒரே ஆளை ஆதரித்த அதிசயமும் அப்போதுதான் நடந்தது. காங்கிரஸும் கலாம் பக்கம் வந்துவிட்டது. இதற்கு நடுவில் 87 வயதில் ஒரு அம்மா எதற்கு எதிர்த்து நிற்க வேண்டும்?

"தோத்துருவாங்கன்னு தெரியும்ல? தோக்கறதுக்குன்னே நிப்பாங்களாப்பா?"

ஓவர்லாக் டெய்லரான அப்பா அன்று ஒன்றரை ஷிப்ட் அடித்துவிட்டு வந்திருந்தார். பனியன் பஞ்சு புருவம் வரை ஒட்டியிருந்தது. பதில் சொல்லாமல் கை கால் கழுவப் போனார். திரும்பி வந்தபோது பாட்டியின் படம் சுவரில் இல்லை. மகள் கிழித்திருந்தாள். அப்பா திட்டவில்லை. கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி, பிளாஸ்டிக் டேப் வைத்து ஒட்டி, மறுபடி அதே இடத்தில் மாட்டினார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் கதை வந்தது.

லட்சுமி பிறந்தது சென்னையில், 1914-ல். அம்மா அம்மு சுவாமிநாதனுக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரை. ஆனி, ஆடியில் திருப்பூரில் துணியைக் காயவிடாமல் அடிக்கிறதே ஒரு காற்று, அது வருகிற திசை. அந்த அம்மு அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர், 1952-ல் திண்டுக்கல் எம்.பி. ஆனவர். மகள் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து டாக்டரானார். 1940-ல் சிங்கப்பூர் போய், அங்கே கூலி வேலைக்குப் போயிருந்த நம் ஆட்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்து, பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். டாக்டர் லட்சுமி கேப்டன் லட்சுமியானார். ஜான்சி ராணிப் படை. அதில் சேர்ந்தவர்களில் நிறைய பேர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் துப்பாக்கி பிடித்தார்கள். பிறகு அவருக்குப் பதவி உயர்வு வந்தாலும் 'கேப்டன்' என்ற பட்டமே கடைசிவரை பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1945-ல் பர்மாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். அந்தப் படை போரில் ஜெயிக்கவில்லை.

"அங்கியும் தோல்விதானுங்களா?" என்றாள் மகள், விடாமல்.

அப்பா சிரித்தார். பிறகு 1984-க்குப் போய்விட்டார். பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம், 127 நாள். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது அப்போதுதான். "நூத்தி இருவத்தாறாவது நாள் வரைக்கும் தோத்துட்டுத்தான் கண்ணு இருந்தோம். அதுக்கப்புறமும் ஜெயிச்சமா தோத்தமான்னு டீக்கடையில இன்னிக்கும் சண்டை போட்டுக்கறோம்." அடுப்படியிலிருந்து அம்மா, "தோடு வந்துச்சான்னு சொல்லுங்க மொதல்ல" என்றார். தோடு வரவில்லை.

லட்சுமியின் கதையில் மகளுக்குப் பிடித்துப்போன ஒரு விஷயம் இருந்தது. அதை அப்பாவும் கடைசியாகத்தான் சொன்னார். லட்சுமியின் தங்கை மிருணாளினி பெரிய நாட்டியக் கலைஞர். மிருணாளினியின் கணவர் விக்ரம் சாராபாய். ஆமாம், கலாமை நேர்காணல் செய்து ராக்கெட் வேலைக்குத் தேர்ந்தெடுத்த அதே சாராபாய்தான்! கலாம் குருவாக மதித்தவரின் மைத்துனிதான் கலாமை எதிர்த்து நின்றார். கிழித்த படத்தை அவள் அதற்குப் பிறகு தொடவில்லை.

இந்தத் தேர்தலில் நமக்கு ஓட்டு கிடையாது என்பது தெரிந்ததுதான். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிற ஓட்டு. அதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. எம்.பி. ஓட்டுக்கு 708, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 176. தெருத் தெருவாகக் கூட்டம் சேர்த்து இதில் ஜெயிக்க முடியாது. இடதுசாரிக் கட்சிகள் நான்குக்கும் கையில் எத்தனை ஓட்டு என்பது வேட்புமனு போடும்போதே எல்லோருக்கும் தெரியும். குஜராத் கலவரம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. போட்டியே இல்லாமல் விடக் கூடாது, பேச வேண்டியதை ஒருவராவது பேச வேண்டும் என்றுதான் அவரை நிறுத்தினார்கள். கலாம் மீது குறை சொல்ல யாருக்கும் பெரிதாக எதுவும் இல்லை என்பதுதான் அதிலிருந்த சங்கடம்.

ஜூலை 15, திங்கட்கிழமை வாக்குப்பதிவு. 18-ம் தேதி எண்ணிக்கை. கலாமுக்கு 9,22,884. லட்சுமிக்கு 1,07,366. பள்ளியில் சாக்லேட் கொடுத்தார்கள். மகள் ஒன்றை அப்பாவுக்கென்று எடுத்து வந்தாள். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். "நம்மூரு மனுசன் ஜெயிச்சிருக்காரு, திங்காம இருப்பனா?"

தோற்ற கேப்டன் மறுபடி கான்பூரில் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். கான்பூரும் நம்மூர் போலத்தான், மில் ஊர். 90 வயதைத் தாண்டியும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், 2012 ஜூலை 23-ல், 97 வயதில் இறந்தார். உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுக்கச் சொல்லியிருந்தார். அந்தச் செய்தி டி.வி.யில் ஓடியபோது மகளுக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தை இருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது அவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை பார்க்கிறார். பாத்ரூம் போக ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்தான். ஒருவர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் எழுந்திருக்க முடியும். மாதவிடாய் நாட்களில் அது என்ன பாடு என்று எழுதிப் புரியவைக்க வேண்டியதில்லை. தொழிலாளர் கமிட்டிக்குத் தேர்தல் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சூப்பர்வைசருக்கு வேண்டிய ஒருவர் நிற்பதும், அவர்தான் ஜெயிப்பார் என்பதும் கேன்டீன் வரை தெரிந்திருந்தது. இவர் பெயர் கொடுத்தார். "எதுக்குக்கா வம்பு?" என்று பக்கத்து டேபிள் பெண்கள் கேட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு லைனாகப் போய், டோக்கன் விஷயத்தை மட்டும் பேசினார். அதுவரை யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.

தோற்றுவிட்டார். நல்ல வித்தியாசத்தில்தான்.

ராத்திரி வீட்டுக்கு வந்தால், அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பஞ்சு தின்ற நெஞ்சு, பேசுவதற்கு முன்னால் இருமல் வந்துவிடுகிறது. இருமி முடித்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன ஓட்டு கண்ணு?"

"நாப்பத்தி மூணுங்கப்பா."

"நம்ம லைன்ல எத்தன பேரு?"

"இருவத்தெட்டுங்க."

அப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப, வெளி லைன்ல இருந்து பதினஞ்சு பேரு போட்ருக்காங்க. அது யாருன்னு நாளைக்கு விசாரி" என்றார்.

டோக்கன் இன்னும் ஒன்றுதான். பதினைந்தில் நான்கு பேரை இதுவரை கண்டுபிடித்திருக்கிறார்.