நாணற்பூவும் ரயில் புகையும்

வங்க நாட்டில் உத்தியோகம் பார்த்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வங்காளிகளின் கிராமத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற அளவுதான் தெரியும் என்று சொல்ல வேண்டியிருக்கும். நாமும் அதற்கு விலக்கல்ல. கரக்பூரில் பதினோரு ஆண்டுகளாக ரயில்வே சரக்கு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து வருகிறோம். ஹௌராவுக்குப் போகும்போதெல்லாம் பாசி படர்ந்த குளங்களையும், மூங்கில் தோப்புகளையும், வைக்கோல் வேய்ந்த வீடுகளையும் கண்டதுண்டு. அந்த வீடுகளுக்குள் அடுப்பு எரிகிறதா, எரிந்தால் அதன்மேல் என்ன வேகிறது, இரவில் கணவனும் மனைவியும் எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்பனவெல்லாம் நமக்குத் தெரியாத சங்கதிகளாகவே இருந்தன. அவற்றைக் காட்டிக் கொடுத்தது சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' என்னும் படம். நம் சங்கத்து மண்டபத்தில் அதனையும் அதன் தொடர்ச்சிகளையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் திரையிட்டார்கள். வராதவர்களுக்காகவும், வந்து பாதியில் எழுந்து போனவர்களுக்காகவும் சில வார்த்தைகள் எழுதத் துணிகிறோம்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாய் 1929-இல் நூலாக வெளியிட்ட நாவலே இப்படத்துக்கு மூலம். தமிழில் அதனை ஆர். ஷண்முகசுந்தரம் மொழிபெயர்த்திருக்கிறார். ரே அப்போது கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சித்திரக்காரராக மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அதுவரை ஒரு படமும் எடுத்தவரல்லர். அவருக்குக் காமிரா பிடித்த சுப்ரத மித்ராவோ இருபத்தொரு வயது இளைஞர். சினிமாக் காமிராவை அதற்குமுன் இயக்கியதே இல்லையாம். பணம் இல்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார். மனைவியின் நகைகளும் போயின. முடிவில் மேற்கு வங்க அரசாங்கம் கைகொடுத்ததால் படம் பிழைத்தது. 1955 ஆகஸ்டு 26-இல் கல்கத்தாவில் வெளியாயிற்று. மறு ஆண்டு பிரான்ஸ் தேசத்துக் கான் விழாவில் பரிசும் பெற்றது. சம்பளக்காரர் ஒருவர் விடுமுறை நாட்களைக் கொண்டு இத்தனை பெரிய காரியத்தைத் தொடங்கினார் என்பது நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ரயில்வேக்காரர் என்ற முறையில் முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். துர்காவும் அவள் தம்பி அப்புவும் வெள்ளை வெளேரென்று பூத்த நாணற் காட்டுக்குள் புகுந்து, தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்டு, கரும்பைக் கடித்துக்கொண்டே நடந்து, கடைசியில் ரயிலைக் காண்கிறார்களே, அந்தக் காட்சிதான் முதலில் படம் பிடிக்கப்பட்டது. 1952 அக்டோபர் மாதம். பர்த்வான் பக்கம் பால்ஸிட் என்னும் இடம். ஒரு நாள் வேலை செய்துவிட்டு மறுவாரம் போய்ப் பார்த்தால் பூ ஒன்றுகூட இல்லை. மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மறுபடி பூக்கிற பருவம் வரும்வரை அக்காட்சிக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ரயிலுக்கும் ஒன்று போதவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பிடித்தார்கள். வெள்ளைப் பூவுக்கு மேலே கரும்புகை தெரிய வேண்டுமே! அதற்காகக் குழுவினரில் ஒருவர் முந்திய ஸ்டேஷனிலேயே எஞ்சினில் ஏறிக்கொண்டு, இடம் நெருங்கியதும் நிலக்கரியை அள்ளிப் போடச் செய்தாராம். இன்றைய மின்சார எஞ்சினில் இந்த வித்தை பலிக்காது. நம் ஆபீஸில் நீராவி எஞ்சினைக் கண்ட பெரியவர் ஒருவர் இக்காட்சியில், "புகை சரியாக வந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஆயினும் நம் மனத்தில் நின்றது வேறொரு காட்சி. இரவு நேரம். மண்ணெண்ணெய் விளக்கு. தந்தை ஹரிஹரன் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் புரோகிதன், ஆனால் நாடகம் எழுதிப் பேர் வாங்கும் ஆசை உள்ளவன். அப்பு பாடம் எழுதுகிறான். தாய் சர்வஜயா மகளின் தலையை வாரிவிடுகிறாள். அவ்வீட்டில் அன்றைக்கு மறுநாளைய அரிசி இருந்ததோ இல்லையோ, சம்பளப் பாக்கியைக் கேட்கக் கூச்சப்படும் கணவனிடம் அவளுக்கு எத்தனையோ சொல்ல இருக்கிறது. அப்போது வெகு தொலைவில் ரயில் கூவுகிறது. அப்பு தலை நிமிர்ந்து, அக்கா ரயிலைப் பார்த்திருக்கிறாளா என்று கேட்கிறான். அவ்வளவே. நால்வரும் ஒரே விளக்கின் கீழ் இருக்கிறார்கள். அன்பு என்ற சொல்லை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. பாட்டுப் பாடி மரத்தைச் சுற்றி ஓடினால்தான் காதல் என்று பழக்கப்பட்ட நம் கண்களுக்கு, வாரிய தலையை ஒரு தாய் இழுத்து முடிகிற விதத்தில் இத்தனை அன்பைக் காண முடிகிறதே என்று வியப்பாக இருந்தது.

இதே சர்வஜயாதான், வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிழவி இந்திர் தாக்ருணை விரட்டுகிறவளும். கிழவியாக நடித்த சுனிபாலா தேவி எண்பது வயதை எட்டிய பழைய மேடை நடிகை. படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். முதுகு வளைந்து, பல் போய், கிழிந்த போர்வைக்குப் பதிலாக ஒரு புதுப் போர்வை கிடைத்தால் போதும் என்று ஏங்கும் அந்த முகத்தை மறத்தல் அரிது. துர்கா அவளுக்குத் தோட்டத்திலிருந்து திருடிக் கொய்யாப் பழம் கொண்டு வந்து கொடுக்கிறாள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்த கிழவியை, தானே எடுத்துக் குடிக்கட்டும் என்பது போல் சர்வஜயா விட்டுவிடுகிறாள். கிழவி வெளியேறி மூங்கில் தோப்பில் உட்கார்ந்தவாறே உயிர் விடுகிறாள். ரயிலைக் கண்ட களிப்போடு வரும் குழந்தைகளே அவளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் மண்டபத்தில் சகோதரிகள் பலர் "சீ, என்ன பெண்!" என்றார்கள். நம் இல்லத்தாள் மட்டும் அதை ஒப்பவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "ஏங்க, நாலு பேருக்கு அரிசி அளக்கும்போது ஐந்தாவது கையும் நீண்டால் அளக்கிறவளுக்குத்தானே தெரியும்? உங்களுக்கெல்லாம் தட்டு வந்த பிறகுதான் சோறு தெரியும்" என்றாள். நமக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. சர்வஜயாவைக் கொடியவளாகக் காட்டாமல், பசி ஒரு நல்ல பெண்ணின் நாவை எவ்வளவு கூர்மையாக்கும் என்று காட்டியதே இப்படத்தின் பெருமை.

பிறகு ஹரிஹரன் பிழைப்புத் தேடி வெளியூர் போகிறான். இங்கேதான் நம்மவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். சில நாளில் வருகிறேன் என்றவன் மாதக் கணக்கில் வரவில்லை. கடிதம் வந்தால் அதிலும் நல்ல வேளை பிறக்கும் என்ற நம்பிக்கைதான், பணம் இல்லை. அவள் பாத்திரங்களைக் கொண்டுபோய் அரிசியாக்குகிறாள். மழை தொடங்குகிறது. துர்கா முதல் மழையில் ஆசை தீர நனைகிறாள், காய்ச்சல் காண்கிறது, புயலடிக்கும் ஓர் இரவில், தாய் கதவையும் திரையையும் மாறி மாறி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் போய்விடுகிறாள். குணமான பின் மறுபடி ரயில் பார்க்கப் போகலாம் என்று தம்பியிடம் சொன்னவள்.

ஹரிஹரன் ஒன்றும் அறியாமல் வருகிறான். இடிந்த வீட்டைப் பார்த்துவிட்டு, வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறான். கடைசியில் துர்காவுக்கு வாங்கிய சேலையை நீட்டுகிறான். சர்வஜயா அதைப் பல்லில் கடித்துக்கொண்டு சரிகிறாள். அவள் அழுகுரல் நமக்குக் கேட்கவில்லை; அதற்குப் பதிலாகத் தார்ஷெனாய் என்னும் வாத்தியத்தின் ஓலம் எழுகிறது. இசை ரவிசங்கருடையது. வெளியூரில் சம்பாதித்து, பெட்டி நிறையச் சாமானோடு ஊருக்குப் போய் இறங்குகிற எந்தத் தமிழனும் அந்தப் பெட்டியைத் திறக்கும் காட்சியைச் சாதாரணமாகப் பார்த்துவிட முடியாது.

ஏழ்மையை அயல் நாட்டாருக்குக் காட்டிப் புகழ் சேர்த்தார் என்று ரேயின் மேல் ஒரு குறை உண்டு. நடிகை நர்கிஸ் 1980-இல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது இதைச் சொன்னார். நம் சங்கத்திலும் ஓர் அன்பர் அதையே வேறு சொற்களில் சொன்னார். அவருக்கு நாம் கூறிய விடை: மிட்டாய்க்காரன் தோள்காவடியோடு நடக்க, வாங்கக் காசில்லாத இரு குழந்தைகளும் ஒரு நாயும் அவன் பின்னே போகிற நிழல் குளத்து நீரில் தெரிகிறதே, அதில் காட்டப்படுவது ஏழ்மை மட்டுந்தானா? அக்கா திருடி ஒளித்து வைத்திருந்த மணிமாலையை அவள் இறந்த பிறகு கண்டெடுத்த அப்பு, ஒருவரிடமும் சொல்லாமல் குளத்தில் எறிகிறான். பாசி மெல்ல மூடிக்கொள்கிறது. செத்துப்போன அக்காவின் மானத்தைக் காக்கும் சிறுவனைக் காட்டுவதால் நாட்டுக்கு என்ன இழிவு வந்துவிடும்? அன்பர் விடை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமும் வந்தார்.

இப்படங்களின் மூல நெகடிவ் 1993-இல் லண்டனில் நேர்ந்த ஒரு தீ விபத்தில் கருகிப்போயிற்று. எஞ்சியதை மீட்டு, இல்லாததை வேறு பிரதிகளிலிருந்து நிரப்பி, 2015-இல் புதுப்பித்தார்கள். நாம் பார்த்தது அந்தத் தெளிவான பிரதியே.

இரண்டாவது படமான 'அபராஜிதோ' 1956-இல் வந்தது. மறு ஆண்டு வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்றது. மூன்றாவதான 'அபூர் சன்சார்' 1959-இல் வந்தது. ரயில் பாதையை ஒட்டிய மாடி அறையில், அவன் உண்ணும்போது அவள் விசிறுவதும் அவள் உண்ணும்போது அவன் விசிறுவதுமாகச் செல்லும் அந்த இளந்தம்பதியின் இல்லறத்தைப் பற்றித் தனியே எழுதலாம். இப்போது இரண்டாவது படத்தின் ஒரு பகுதியைச் சொல்லி நிறுத்துகிறோம்.

ஹரிஹரன் காசியில் இறந்த பின் சர்வஜயா மகனுடன் வேறொரு கிராமத்துக்கு வருகிறாள். அப்பு கல்கத்தாவில் கல்லூரிப் படிப்பும் இரவில் அச்சகத்து வேலையுமாக இருக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் திரும்பும் நாளன்று ஸ்டேஷன் வரை போய், வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ரயில் தவறிவிட்டது என்கிறான். தாய்க்கு ஒரு நாள் கூடக் கிடைக்கிறது. அதன் பின் அவள் நோயில் விழுகிறாள். பரீட்சை நடக்கிறது, பிள்ளைக்கு எழுத வேண்டாம் என்று பக்கத்து வீட்டாரைத் தடுத்துவிடுகிறாள். மரத்தடியில் உட்கார்ந்து தூரத்தில் போகும் ரயிலையே பார்க்கிறாள். ஒவ்வொரு வண்டியிலும் அவன் வரலாமே!

படம் முடிந்து வந்த இரவு நம் வீட்டில் சாப்பாடு தாமதமாயிற்று. நம் தாயார் தஞ்சை ஜில்லாவில் ஒரு சிற்றூரில் தனியே இருக்கிறார்கள். தந்தையார் காலமாகி ஆறு ஆண்டுகள். ஞாயிறுதோறும் கைப்பேசியில் பேசுவோம். கேட்கும்போதெல்லாம் சௌக்கியம் என்பார்கள். மழை பெய்ததா, பேரன் சாப்பிடுகிறானா என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். இல்லத்தாள் இலையைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "அத்தை சௌக்கியம் சௌக்கியம் என்கிறார்களே, அதை யாராவது கண்ணால் பார்த்தார்களா?"

மறுநாள் பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் பேசினோம். கால் வீங்கியிருக்கிறது என்றும், டாக்டர் சொன்ன மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கி மிச்சம் பிடிக்கிறார்கள் என்றும், இதைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்றும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாஸ் எழுதிக்கொடுத்துவிட்டோம், அதில் தாயார் பெயரும் இருக்கிறது. கோரமண்டலில் திரும்ப இரண்டு இடம் கிடைத்தது.

தாயாருக்கு விஷயத்தைச் சொன்னபோது முதலில் கோபித்துக்கொண்டார்கள். "என்னை யாருடா பார்த்துக்கொள்ளச் சொன்னது? இங்கே பசு கன்று போடப் போகிறது" என்றார்கள். சற்றுப் பொறுத்து, அங்கே குளிருமா, கம்பளி எடுத்து வர வேண்டுமா என்று கேட்டார்கள். இங்கே புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம் என்று இல்லத்தாள் கைப்பேசியைப் பிடுங்கிச் சொன்னாள். உண்மையில் அப்போது வாங்கவில்லை. மாலையில் கோல்பஜாருக்குப் போய்த்தான் வாங்கி வந்தோம்.