மாவுப்பூச்சி போன கதை

பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஈ என்றாலே ஆகாது. உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், தென்னைக்கு அந்தப்புறம் மல்பெரிக் காடு. அதை ஒட்டிப் புழு மனை. வாசலில் தூவியிருக்கும் சுண்ணாம்புத் தூளை மிதித்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஜன்னலில் அடித்த நைலான் வலையில் சிறு கிழிசல் தெரிந்தாலும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அம்மா தைக்க உட்கார்ந்துவிடுவார். வலையெல்லாம் ஊசி ஈக்குப் பயந்து.

1980 வாக்கில் கர்நாடகத்துப் பட்டு மனைகளுக்குள் புகுந்த ஈ அது. எங்கள் பக்கத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. புழுவின் முதுகில் வெள்ளையாக ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்து குட்டிப் புழு உள்ளே துளைத்துக்கொண்டு போகும். துளைத்த இடத்தில் கறுப்பாக ஒரு வடு. பட்டுப்புழு பாட்டுக்குத் தழை தின்றுகொண்டிருக்கும். உள்ளே இருப்பது அதைத் தின்றுகொண்டிருக்கும். கூடு கட்டிய பிறகு அது பொத்துக்கொண்டு வெளியே வந்தால், அந்தக் கூட்டில் நூல் இழுக்க முடியாது. ராத்திரி பல்பு வெளிச்சத்தில் அம்மாவும் அப்பத்தாவும் வடு விழுந்த புழுக்களைத் தேடிப் பொறுக்குவார்கள். ஓர் உயிருக்குள் இன்னோர் உயிர் குடியிருந்து தின்னும் என்பதைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அங்கேதான் நான் தெரிந்துகொண்டேன். அதனால், அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் காட்டில் விடப்போகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அதற்கு முன் மாவுப்பூச்சியைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் அதை 2008இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எங்களுக்கு வந்தது அடுத்த வருஷம். பொடக்காலிப் பப்பாளியில் காயின் மேல் பஞ்சு ஒட்டினாற்போல் தெரிந்தது. அப்பத்தா சீமாறால் தட்டிவிட்டார். பிறகு செம்பருத்தி, வேலியோரத்துப் பார்த்தீனியம், பக்கத்துத் தோட்டத்து மரவள்ளி, கடைசியில் மல்பெரி. மல்பெரிக்காரர்களுக்கு மாவுப்பூச்சி புதிதில்லை. நுனி சுருண்டு குட்டையாகிப்போகும் டுக்ரா, இன்னொரு வகை மாவுப்பூச்சி செய்கிற வேலைதான். நுனியைக் கிள்ளி எரித்தால் ஓரளவு அடங்கும். இது அடங்கவில்லை. தண்டு, கணு, இலையின் அடிப்பக்கம் எல்லாம் வெள்ளை. நசுக்கினால் விரலில் மஞ்சளாக ஒட்டும். ஒவ்வொரு பெண்பூச்சியும் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகளைக் காற்று அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகும். அவை கழிக்கும் இனிப்பு நீர் இலையில் வழிந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, அதை நக்க எறும்பு சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

மற்ற வெள்ளாமைக்காரர்கள் மருந்தடித்துப் பார்த்தார்கள். எங்களால் அதுவும் முடியாது. மருந்து பட்ட தழையைப் போட்டால் புழு செத்துவிடும். மருந்தின் வீரியம் இறங்கும்வரை காத்திருக்கலாம் என்றால் புழு காத்திருக்காது. தன் ஆயுளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்கை அது கடைசிப் பருவத்தில், ஒரு வாரம் சொச்சத்தில் தின்று தீர்க்கிறது. அந்த வாரத்தில் தழை இல்லையென்றால் அதுவரை பட்ட பாடு மொத்தமும் போச்சு. அப்பா பவர் ஸ்பிரேயரில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சினார். வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பூச்சியின் மேலிருக்கும் மெழுகில் எதுவும் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. ஐந்தாம் பருவத்துக்கு வந்த ஒரு பேட்ச் புழுவுக்குப் போடத் தழையில்லாமல், குழி வெட்டிப் புதைத்தோம். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சுற்றுவட்டத்தில் பலர் மல்பெரியைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஏன் இத்தனை வேகம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. இந்தப் பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே இது பெருகாமல் பார்த்துக்கொள்ளச் சின்னஞ்சிறு குளவிகள் இருக்கின்றன. செடியோடும் காயோடும் கப்பலேறிக் கரீபியத் தீவுகளுக்கும் ஃபுளோரிடாவுக்கும் பூச்சி மட்டும் போய்ச் சேர்ந்தது, குளவி போகவில்லை. அமெரிக்க வேளாண் துறையினர் மெக்சிகோவில் தேடிப்பிடித்த குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவில் பெருக்கி, தீவு தீவாக விட்டு அதை அடக்கினார்கள். அங்கிருந்து மூன்று வகைக் குளவிகள் 2010 ஜூலையில் பெங்களூருவிலுள்ள மத்திய அரசின் பூச்சியியல் ஆய்வகத்துக்கு வந்தன. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அந்தப் பூச்சியில் குளவியை வளர்த்தார்கள். அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து தோட்டங்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்றில் நம் ஊரில் நன்றாக நிலைத்தது அசெரோபேகஸ் பப்பாயே.

எங்கள் காட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் ஒரு மாணவி இருந்தார். கையில் வாய்க்குத் துணி கட்டிய பிளாஸ்டிக் டப்பா. உள்ளே தூசு மாதிரி ஏதோ ஊர்ந்தது.

"ஏனுங்க, எங்க புழுவ ஒண்ணும் பண்ணீராதுங்களே?" என்றார் அப்பா. என் மனசில் இருந்ததும் அதுதான்.

"மாவுப்பூச்சிய விட்டா இதுக்கு வேற பொழப்பே இல்லைங்க. பட்டுப்புழுப் பக்கமே வராது. நீங்க மருந்து மட்டும் அடிச்சறாதீங்க. பக்கத்துக் காட்டுக்காரங்களையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்லுங்க."

துணியை அவிழ்த்துக்கொண்டு அவர் செடிக்குச் செடி மெதுவாக நடந்தார். கொஞ்சம் போய்த் திரும்பி, பின்னாலேயே வந்துகொண்டிருந்த என் கையில் ஒரு லென்ஸைக் கொடுத்து, "பாப்பா, இங்க பாரு" என்று ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார்.

ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத, வெளிறிய ஆரஞ்சு நிறத்து உயிர். பறக்கவில்லை, நடந்தது. உணர்கொம்பு இரண்டையும் இலையில் மாறி மாறித் தட்டிக்கொண்டே, எதையோ தொலைத்தவர் தேடுகிற அவசரத்தோடு நடந்தது. ஒரு பெரிய மாவுப்பூச்சியின் மேல் ஏறித் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. இன்னொன்றையும் அப்படியே விட்டது. பாதி வளர்ந்த ஒரு குஞ்சின் பக்கத்தில் நின்றது. சுற்றிச்சுற்றித் தட்டியது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, பின்பக்கமாக நகர்ந்து வந்து, உடம்பை அழுத்திக் குத்தியது. மாவுப்பூச்சி ஓடவும் இல்லை, துடிக்கவும் இல்லை. சில விநாடிதான், குளவி அடுத்ததைத் தேடிப் போய்விட்டது. அப்போது ஓர் எறும்பு வந்தது. குளவி சட்டென்று விலகி இலையின் அந்தப் பக்கம் போனது. எறும்புக்கு அந்த இனிப்பு நீர் வேண்டும். அதனால் மாவுப்பூச்சியைக் காவல் காக்கிறது என்று அந்த அக்கா சொன்னார். அத்தனூண்டு இலைக்குள் இவ்வளவு நடக்கிறது என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. அவர் லென்ஸைத் திருப்பி வாங்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். முகத்தைப் பார்த்து அம்மா எதுவும் கேட்கமாட்டார். மருந்துக் கடைக்காரர் ஒருவர் புதுசாக ஒரு பாட்டிலைக் காட்டி ஆசை காட்டினார். கையில் காசும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது. வாங்காமல் திரும்பிவந்தார். அப்பா செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்பேன்.

நான் லென்ஸோடு இலை இலையாகத் திரிந்தேன். இரண்டு வாரத்துக்கு மேலிருக்கும், சில மாவுப்பூச்சிகள் வேறு மாதிரி தெரிந்தன. மாவு குறைந்து, உடம்பு உப்பி, பழுப்பேறி, எள்ளைத் தொட்டாற்போல் கெட்டியாக இருந்தன. அந்த இலையைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு அப்பத்தாவிடம் காட்டினேன். மறுநாளோ அதற்கு மறுநாளோ, ஒன்றின் நுனியில் வட்டமாக ஒரு துளை. பாட்டில் சுவரில் குளவி ஊர்ந்துகொண்டிருந்தது.

"கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்னு சும்மாவா கண்ணு சொல்லி வெச்சாங்க" என்றார் அப்பத்தா, மிகுந்த திருப்தியோடு.

அவருடைய காலத்தில் எல்லாரும் நம்பியது அது. மண்கூட்டுக்குள் குளவி ஒரு புழுவை இழுத்துப் போகும், கொஞ்ச நாளில் அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வரும். பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வைத்த முட்டை பொரிந்து, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று, அதன் தோலையே கூடாக்கிக்கொண்டு, வளர்ந்ததும் கடித்து வழி செய்துகொண்டு வருகிறது என்று நான் சொன்னேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தார். "அப்ப இது நம்ம ஊசி ஈ பண்ற வேலைதானே?" என்றார். அதேதான். அந்த ஊசி ஈயின் கூட்டுப்புழுவின் மேல் முட்டையிடும் நெசோலிங்க்ஸ் தைமஸ் என்ற குளவியையும் மைசூரு பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் பெருக்கித் தருகிறார்கள் என்று தெரிந்து, பிற்பாடு அப்பா அதையும் வாங்கிவந்து மனையில் வைத்தார்.

2011 கோடையில் மல்பெரி பழையபடி தழைத்தது. புழு இறக்கினோம், கூடு நல்ல எடை வந்தது. எங்கள் மாமா இன்றைக்கும், "அதெல்லாம் மழையில கழுவிட்டுப் போயிருச்சு" என்பார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது. 2009 ஐப்பசி கார்த்திகையிலும் மழை பெய்தது, பூச்சி போகவில்லையே. துளை விழுந்த கூடுகளை இலைக்கு இலை பார்த்தவள் நான். பூச்சி குறையக் குறையக் குளவியும் குறைந்தது. எங்கேயோ கொஞ்சம் அது, கொஞ்சம் இது என்று இரண்டும் இன்னும் இருக்கின்றன.

2020இல் மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி கேரளம் வழியாக வந்தது. அதற்கான குளவியை ஆப்பிரிக்காவிலுள்ள பெனினிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். செய்தியைப் பார்த்ததும் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அந்த அக்கம்பக்கத்துக் காட்டுக்காரங்ககிட்ட மருந்தடிச்சறாதீங்கன்னு யாராச்சும் போயிச் சொன்னாங்களா கண்ணு?" என்று கேட்டார்.