கப் எங்கே சார்?

பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாக மிஞ்சியது ஒரே ஒரு விஷயம். 'டெஃபர்டு ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர்' என்று ஒன்று உண்டு. இந்த வருஷம் பணம் போகும். பலன் நாலைந்து வருஷத்துக்குச் சிறுகச் சிறுக வரும். புதுச் சோப்புக்கு விளம்பரம் செய்கிற மாதிரி. அந்தச் செலவு முழுவதையும் ஒரே வருஷத்துக் கணக்கில் எழுதிவிட்டு, ஐயோ நஷ்டம் என்று அலறக் கூடாது. நான் படித்த கல்லூரியின் நிர்வாகத்தில் யாரும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கவில்லை போல.

டெல்டாவில் இருந்த கல்லூரி. பெயர் வேண்டாம். நான் சேர்ந்த வருஷம்தான் ஒரு பி.டி. மாஸ்டரும் வந்து சேர்ந்தார். பேச்சு குறைவு. திருக்காட்டுப்பள்ளி, ஒரத்தநாடு பக்கம் எந்தக் கிராமத்தில் கபடி நடந்தாலும் டி.வி.எஸ். 50-ல் போய் ஓரமாக நின்று பார்ப்பார். ஜெயிக்கிற பையனைத் தேட மாட்டார். தோற்ற டீமில், கடைசி நிமிஷம் வரை எதிராளியின் கணுக்காலை விடாமல் தொங்கிக்கொண்டு கிடந்தானே, அவனைக் கூட்டி வந்து, "இவனுக்கு அட்மிஷன் போடுங்க" என்பார். முதல் வருஷம் முழுக்க அவனுக்கு ரெய்டே கிடையாது. விடியற்காலை ஐந்தரைக்கு ஓட்டம், தண்டால், மண்ணில் புரளல். ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து பார்த்தால் எனக்கே உடம்பு வலிக்கும்.

இரண்டு வருஷம் தொடர்ந்து முதல் ரவுண்டிலேயே அவுட். ஆண்டு விழா மேடையில் செயலாளர் மைக்கிலேயே கேட்டார்: "கப் எங்கே சார்?" கூட்டம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அடுத்த ஜூனில் அவர் இல்லை. புதிதாக ஒருவர் வந்தார். அந்த வருஷமே கப்பும் வந்தது. ஆடிய ஏழு பேரில் ஐந்து பேர் பழையவர் பொறுக்கி எடுத்த பையன்கள். போட்டோவில் நடுவில் உட்கார்ந்தவர் புதியவர். அவர் மேலும் எனக்கு வருத்தமில்லை. அடுத்த இரண்டு வருஷம் கப் வராதபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கல்லூரி விளையாட்டின் சிக்கலே இதுதான். முதல் வருஷம் கற்றுக்கொண்டது மூன்றாம் வருஷத்தில்தான் பையனின் காலில் இறங்கும். இறங்கிய கையோடு டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவான். மைதானத்தில் மாறாமல் நிற்கிற ஒரே ஆள் கோச். அவரும் மாறிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு ஜூனிலும் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்துக்கு 1980-ல் கூடைப்பந்து கோச்சாக வந்தவர் மைக் ஷஷெஃப்ஸ்கி. (பெயரைச் சொல்வதற்கே தனிப் பயிற்சி தேவை.) முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. தூக்கு என்று கத்தினார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் டாம் பட்டர்ஸ் என்ன செய்தார் தெரியுமா? 1984-ல் ஒப்பந்தத்தை நீட்டித்தார். முதல் தேசியப் பட்டம் 1991-ல்தான் வந்தது. 2022-ல் ஓய்வு பெறும்போது கணக்கில் ஐந்து பட்டங்கள்.

நம் பக்கம் பாருங்கள். 2017-ல் புரோ கபடிக்கு வந்த தமிழ் தலைவாஸ், கே. பாஸ்கரன், இ. பாஸ்கரன், உதயகுமார், அஷன் குமார், மறுபடி உதயகுமார், 2025-ல் சஞ்சீவ் பலியான் என்று கோச்சுகளை மாற்றிக்கொண்டே போனது. 2022-ல் அரையிறுதி வரை கூட்டிப்போன அஷன் குமாரும், அடுத்த சீசன் சொதப்பியதும் நிலைக்கவில்லை. இத்தனைக்கும் 2016-ல் பாட்னா பைரேட்ஸ் சாம்பியன் ஆனபோது கேப்டனாக இருந்தவர் தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். அப்போது அவர் வயது 41. ஆளைப் பிடிக்கிற கலை அவ்வளவு நிதானமாகத்தான் பழுக்கும்.

அதற்காக, கோச்சைக் கோவில் மாடு மாதிரி அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. காலையில் ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கிறாரா? முதல் வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் வருஷமும் ஆடுகிறார்கள்? அடிபட்ட பையனை ஆற விடுகிறாரா, கட்டுப் போட்டு இறக்குகிறாரா? இதையெல்லாம் கேளுங்கள். கப்பை நாலாம் வருஷம் கேட்கலாம்.

போன மாதம் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். கல்லூரிக் கமிட்டி மெம்பர். "நல்ல கபடி கோச் இருந்தா சொல்லுப்பா."

"எத்தனை வருஷத்துக்கு?"

"பதினோரு மாசக் கான்ட்ராக்ட். கப் வந்தா நீட்டிக்கலாம்."

அவருக்கு இரண்டு வேலி நிலம் உண்டு. சம்பாவுக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டேன். சி.ஆர். 1009 என்றார். 155, 160 நாள் பயிர் அது.

"ஏ.டி.டி. 43 மாதிரி 110 நாள்ல அறுத்துட வேண்டியதுதானே?"

"பைத்தியமா உனக்கு? கதிரே வந்திருக்காதேப்பா!"

அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு பெயர் சொன்னேன். மூன்று வருஷமாவது தந்தால்தான் வருவார் என்பதையும் சொன்னேன். "கமிட்டியில வெச்சுட்டுச் சொல்றேன்" என்றார். இன்னும் போன் வரவில்லை.