செங்கணியான் பிறந்த ஆறு

கோடை விடுமுறையில் கம்பத்திலிருந்து புறப்பட்டுக் குமுளி மலையேறி, பீருமேடு வழியாக இறங்கி, முண்டக்கயத்தில் மணிமலை ஆற்றங்கரையை அடைந்தோம். ஒரு மீனைக் காண்பதற்கா இத்தனை தூரப் பிரயாணம் என்று நேயர்கள் நகைக்கக் கூடும். காரணம் உண்டு.

சென்ற ஆண்டு நமது பள்ளிக்கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்கு இரண்டு மீன்கள் வாங்கினோம். வெள்ளி மேனி, மூக்கிலிருந்து வால் வரை ஒரு மைக்கோடு, அதன்மேல் பாதி உடல் வரை ஒரு குங்குமக் கோடு. வியாபாரிகள் இதற்கு இட்ட பெயர் 'மிஸ் கேரளா'. மலையாள நாட்டார் வழங்கும் பெயர் செங்கணியான். 1865-ம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்ற ஆங்கில வைத்தியர் இம்மீனை முண்டக்கயத்து மலைப்பகுதியிலிருந்து பெற்று வருணித்து, அப்போது சென்னைக் கவர்னராயிருந்த டெனிசன் துரையின் பெயரைச் சூட்டினார். மீன் நம்முடையது, பெயர் துரையுடையது! 2013-ல்தான் நம் சஹ்யாத்ரி மலையின் பெயரும் அதன் சாஸ்திரப் பெயரில் இடம்பெற்றது.

"ஐயா, இவை ஆற்றில் பிறந்தவையா, தொட்டியில் பிறந்தவையா?" என்று ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி வினவினாள். நாம் விடையின்றி நின்றோம். கடையில் விலையைக் கேட்டோமே தவிர, பிறப்பைக் கேட்கவில்லை.

அக்கேள்வி சிறியதன்று. கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் மேற்கே பாயும் சில ஆறுகளே இம்மீனுக்குத் தாயகம். கூட்டமாய்த் திரிவதால் ஒரே வலையில் பல அகப்பட்டுவிடும். அயல்நாட்டார் ஆசைக்காகப் பிடித்துப் பிடித்து, இன்று அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. 2008-ல் கேரள அரசு மீன்பிடிப்புக்குக் கட்டுப்பாடு விதித்தது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. தெளிந்த ஓடுநீரில் வாழும் இம்மீன் தொட்டியில் எளிதில் முட்டையிடுவதில்லை. கொச்சியை அடுத்த பனங்காட்டு மீன்வளக் கல்லூரியில், முதிர்ந்த மீன்களுக்கு ஹார்மோன் ஊசி செலுத்தி முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார்கள். தொட்டியில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும் ஆற்றில் ஒரு மீனுக்கு அபயம் அளிக்கிறதன்றோ?

வற்றிய ஆற்றின் பாறைகளிடையே ஒரு மணி நேரம் பார்த்திருந்தோம். குங்குமக் கோடு ஒன்றேனும் கண்ணில் படவில்லை.

வீட்டிற்கு அழகு மீன் வாங்கும் அன்பர்களே, விலை பேசுமுன் "இது எங்கே பிறந்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பண்ணையில் பிறந்ததென்று விற்பவர் உறுதி கூறினால் மட்டுமே வாங்குங்கள். ஒரு சிறுமி நமக்குக் கற்பித்த பாடம் இது.