இனிஷியலுக்கு ஒரு கட்டம்

காப்பியும் மிளகும் விளையும் வத்தல்மலையில் எந்த ஊர், யார் மகள் என்று சொன்னால் போதும், ஆள் தெரிந்துவிடும். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. தர்மபுரி இறங்கிப் படித்து, வெளியூர் ஆபீஸில் சேரும் பெண்ணிடம்தான் கம்ப்யூட்டர் முதன்முதலாகக் கேட்கிறது: ‘சர்நேம்?’

காரணம், ஆபீஸ் போர்ட்டலுக்குப் பின்னால் இருக்கும் டைரக்டரி சர்வர். லீவு கேட்டால் மேலதிகாரிக்கு மெயில் போவதும், ஒரு பிரிவுக்கு அனுப்பியது எல்லோருக்கும் சேர்வதும் அதிலுள்ள பெயர்ப் பதிவைப் பார்த்துத்தான். அதனோடு பேசும் எல்டாப் முறை, 1993-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதன் வழக்கமான பதிவில் முழுப்பெயரும் சர்நேமும் கட்டாயம். மெயில் முகவரிகூடக் கட்டாயமில்லை!

வேறு வழியின்றி அப்பா பெயரைப் போடுகிறார்கள். அன்று முதல் அவளுக்கு வரும் மெயிலெல்லாம் அப்பாவை விளித்தே வருகிறது.

சர்வர் அமைப்பவர் மனது வைத்தால் இது எளிது. சர்நேம் கட்டத்தில் அவள் பெயரையே மறுபடி போடலாம். ‘டிஸ்ப்ளே நேம்’ கட்டத்தில் அவள் எழுதுகிறபடியே இனிஷியலோடு போட்டு, போர்ட்டல் அதையே எடுக்கும்படி செய்யலாம். 1997-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அதில் தமிழ் எழுத்தும் ஏறும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பணியாளர் எண் பிரித்துக் காட்டும்.

‘உன் பெயரை எப்படி எழுதுவாய்?’ என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்காமல் விட்டால், வேலையில் இருக்கும்வரை அவளுக்கு அப்பா பெயர்தான்.